சிபைத்தானுக்கு ஒரு பில்ட்பாட் ஒர்க்கர் அமைப்பது எப்படி

சிபைத்தான் என்பது பைத்தான் மொழியின் முதன்மை வடிவம். அதன் மூலநிரலில் மாற்றம் சேரச் சேர, அதைக் கம்பைல் செய்து டெஸ்ட்களை ஓட்டிப் பார்க்கும் கணினிகளில் பல தன்னார்வலர்களுடையவை. இந்த வேலையைத் தானாக நடத்தும் மென்பொருள் பில்ட்பாட். கணினிகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது பில்ட்பாட் மாஸ்டர். வேலை செய்யும் கணினி ஒர்க்கர். அரிதான பிராசசரோ இயங்குதளமோ கைவசம் இருந்தால் சேருங்கள். இன்னொரு சாதாரண லினக்ஸ் பிசியால் பெரிய பயனில்லை.

எந்தத் தளங்களுக்கு எந்த அளவு ஆதரவு என்று அடுக்கடுக்காக வகுக்கும் பைத்தான் ஆவணம் பெப் 11. அதன்படி இரண்டாம் அடுக்குத் தளத்துக்கு நம்பகமான பில்ட்பாட் கட்டாயம். அங்கே எதையாவது உடைக்கும் மாற்றத்தை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், அல்லது திரும்பப் பெற வேண்டும். ஆகவே உங்கள் கணினியின் கோளாறால் விழும் சிவப்பு (தோல்விக் குறி), வேறொருவரின் ஒரு நாளைத் தின்றுவிடும்.

முதலில் இதற்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகக் கணக்காக) ஓட்டவே கூடாது: அனுமதி மறுக்கப்படுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்கள் ரூட்டிடம் பொருளிழந்துவிடும். மேலும், ஓடப்போவது பிறர் எழுதிய நிரல். சொந்தக் கோப்புகள் இல்லாத கணினியோ விர்ச்சுவல் மெஷினோ நல்லது.

மாஸ்டரோடு இணைக்கும் முன் அந்தக் கணக்கிலேயே பில்டையும் டெஸ்ட்களையும் ஒருமுறை கையால் ஓட்டிவிடுங்கள். கன்ஃபிகரில் வித்-பைடீபக் கொடுத்து, மேக் செய்து, பிறகு மேக் பில்ட்பாட்டெஸ்ட். மேக் முடிவில் எந்தெந்த மாட்யூல்கள் கட்டப்படவில்லை என்ற பட்டியல் வரும். அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். ஓபன்எஸ்எஸ்எல், இசட்லிப், லிப்எஃப்எஃப்ஐ, எஸ்கியூலைட் ஆகியவற்றின் டெவலப்மென்ட் ஹெடர்கள் இல்லையென்றால் அந்த டெஸ்ட்கள் சத்தமில்லாமல் ஸ்கிப் ஆகும். பச்சை தெரியும், ஆனால் அந்தப் பகுதிகள் சோதிக்கப்பட்டிருக்காது. சிவப்பைவிட மோசமானது இதுதான்.

இனி மாஸ்டரை நடத்தும் குழுவிடம் ஒர்க்கர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு வாங்குங்கள். ஒரு வென்வ் (பைத்தானின் தனிச் சூழல்) உருவாக்கி, பிப் வழியே பில்ட்பாட்-ஒர்க்கரை நிறுவி, கிரியேட்-ஒர்க்கர் கட்டளைக்கு அடைவு, மாஸ்டர் முகவரி, பெயர், கடவுச்சொல் நான்கையும் கொடுங்கள். இணைப்பு உங்கள் பக்கத்திலிருந்து 9020 போர்ட்டுக்கு வெளியே போகிறது. ஃபயர்வாலில் உள்வழி எதையும் திறக்க வேண்டாம். கடவுச்சொல் ஒர்க்கரின் அமைப்புக் கோப்பான பில்ட்பாட்.டாக்கில் அப்படியே வாசிக்கும்படி கிடக்கும், அதனால் அனுமதியை 600 (உரிமையாளருக்கு மட்டும்) ஆக்குங்கள். இன்ஃபோ அடைவின் அட்மின், ஹோஸ்ட் கோப்புகளில் தொடர்பு முகவரியையும் கணினி விவரத்தையும் எழுதுங்கள்.

அடிக்கடி வரும் தொல்லை, நடு பில்டில் இணைப்பு அறுவது. இணைப்பு உயிரோடிருக்க அனுப்பும் சிறு செய்திகளின் இடைவெளி, அதாவது கீப்அலைவ், இயல்பாக 600 விநாடி. சில ரவுட்டர்கள் அதற்கு முன்பே சும்மா இருக்கும் இணைப்பைக் கத்தரித்துவிடும். டாக் கோப்பில் 60 அல்லது 120 ஆகக் குறைத்தால் பெரும்பாலும் தீரும்.

அடுத்தது, கையால் ஓட்டினால் தேறி, ஒர்க்கர் வழியே விழும் பில்ட். ஒர்க்கரை கிரான் (கட்டளைகளைத் தானாகத் தொடங்கும் சேவை) வழியே தொடங்கினால், அது தரும் பாத் (நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) மிகச் சுருக்கமானது. உங்கள் ஷெல்லில் கிடைத்த கம்பைலர் அங்கே அகப்படாது. லொகேலும் (மொழி, எழுத்துக்குறி அமைப்பும்) மாறியிருக்கலாம். அதோடு ஒர்க்கரை ஓட்டும் ட்விஸ்ட்டி நிரல் டீமனாகும்போது (பின்னணிக்குப் போகும்போது), புதுக் கோப்புகளின் அனுமதியைக் கட்டுப்படுத்தும் யூமாஸ்க்கை 077 ஆக்கிவிடும். கிரியேட்-ஒர்க்கரிலேயே யூமாஸ்க் 0o22 கொடுங்கள்.

டிஸ்க்கையும் கவனியுங்கள். பெரிய கோப்பு டெஸ்ட் 2 ஜிபிக்கு மேல் எழுதும். வேண்டுமென்றே கிராஷ் ஆகும் டெஸ்ட்களும் உண்டு. அவற்றின் கோர் டம்ப்கள் (கிராஷ் ஆன நிரலின் மெமரி நகல்கள்) குவிந்தால் டிஸ்க் நிறைந்து, சம்பந்தமில்லாத டெஸ்ட்கள் விழும். மெமரி குறைவென்றால் இணை டெஸ்ட்களின் எண்ணிக்கையை மாஸ்டர் குழுவிடம் சொல்லிக் குறையுங்கள். ஸ்வாப்பில் தவழும் கணினியில் டைம்அவுட் டெஸ்ட்கள் ஒருநாள் தேறும், மறுநாள் விழும்.

ஓஎஸ் அப்டேட்டை பில்ட் ஓடாத நேரத்தில் செய்து, ட்விஸ்ட்டி.லாகில் மறுஇணைப்பு விழுந்ததா என்று பாருங்கள்.