டிசைன் மீட்டிங்கில் வாதாடுவது எப்படி

“ஃப்ரெஷ்ஷா இல்லை.” “பழைய சைட் மாதிரியே இருக்கு.” “இன்னும் கொஞ்சம் க்ளீனா பண்ணலாம்.”

இணையதள டிசைனைத் திரையில் போட்டுப் பேசும் எந்த மீட்டிங்கிலும் சீக்கிரமே இந்த வாக்கியங்கள் வந்து விழும். மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இவற்றைக் கேட்டுக்கொண்டு இடத்துக்குத் திரும்பும் டிசைனர் எதை மாற்றுவார்? நிறத்தை மாற்றுவார், ஃபான்ட்டை மாற்றுவார். அடுத்த மீட்டிங்கில் அதே மூன்று வாக்கியங்கள் திரும்ப வரும்.

டிசைன் செய்பவர்களுக்கும் அதைக் கேட்டு வாங்குபவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இந்த மீட்டிங்குகளை நடத்துவது என் வேலை. வாதம் வேண்டும் என்பதே என் கட்சி. எல்லோரும் தலையாட்டிவிட்ட டிசைனை யாரும் உற்றுப் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். எதைப் பற்றி வாதாடுவது, எதை வாதத்துக்கே எடுக்கக் கூடாது என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பொது நூலகத்தின் தளத்தை வைத்துக்கொள்வோம். இயக்குநருக்கு முகப்பில் பெரிய வீடியோ ஓட வேண்டும். கவுன்டரில் உட்காருபவருக்கு “இன்னைக்குத் திறந்திருக்குமா?” என்ற போன் அழைப்புகள் நின்றால் போதும். டிசைனருக்கு அந்தச் சாம்பல் நிற எழுத்து வேண்டும். மூவருமே தளத்தின் நல்லதைத்தான் நினைக்கிறார்கள்.

மீட்டிங்குக்கு முன்னால்

தளத்துக்கு வருபவர்கள் செய்ய வரும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். இதை மேலிடத்தில் கேட்க வேண்டாம், கவுன்டரில் கேளுங்கள். நூலகம் என்றால் பட்டியல் இப்படித்தான் வரும்: இன்று திறந்திருக்கும் நேரம், ஒரு புத்தகம் இருக்கிறதா என்று தேடுவது, எடுத்த புத்தகத்தின் கெடுவை நீட்டிப்பது, உறுப்பினராவது, குழந்தைகளுக்கான நிகழ்ச்சி எப்போது என்று பார்ப்பது. அவ்வளவுதான். “நூலகத்தின் பெருமையை உணர்வது” என்று யாராவது சேர்க்கச் சொன்னால், அதைச் செய்யத் தளத்துக்கு வந்த ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். இந்தத் தாள் மீட்டிங் முழுக்க எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

டிசைனை போனில் காட்டுங்கள். பெரிய திரையில் காட்டினால் எல்லாமே அழகாக, அகலமாக, மூச்சுவிட இடத்தோடு இருக்கும். கையில் இருக்கும் போனில் திறக்கும்போதுதான் மெனு எங்கே ஒளிந்தது, பட்டன் எத்தனை ஸ்க்ரோலுக்குக் கீழே போனது என்று தெரியும்.

உண்மையான எழுத்தைப் போட்டுத்தான் காட்ட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. லோரம் இப்ஸம், அதாவது இடத்தை நிரப்பப் போடும் பொருளற்ற லத்தீன் எழுத்து, போட்ட டிசைன் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதில் நீளமான தலைப்பு இல்லை, மூன்று வரிக்கு ஓடும் நிகழ்ச்சிப் பெயர் இல்லை. தமிழில் வரும் தளமாக இருந்தால் இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிய பட்டன் தமிழில் “கெடுவை நீட்டிக்க” என்று நீளும். நெருக்கமான வரி இடைவெளியில் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் உரசிக்கொள்ளும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு நமக்கு இல்லாததால், தலைப்பைத் தனித்துக் காட்ட அளவையும் தடிமனையும்தான் நம்ப வேண்டும். இதையெல்லாம் தளம் வெளியான பிறகு கண்டுபிடிப்பது பெரிய செலவு.

ஒரே ஒரு விதி

மீட்டிங் தொடங்கியதும் நான் சொல்லும் விதி இது: எந்தக் குறையையும் “யார், என்ன செய்ய வந்து, எந்த இடத்தில் திணறுவார்” என்ற வடிவத்தில் சொல்லுங்கள். “க்ளீனா இல்லை” என்று சொல்லக் கூடாது. “புத்தகம் தேட வந்தவருக்குத் தேடல் பெட்டி தெரிவதற்குள் மூன்று பேனர்கள் கடக்க வேண்டியிருக்கு” என்று சொல்லலாம். முதல் வாக்கியத்துக்குப் பதில் சொல்லவே முடியாது. இரண்டாவதை உடனே சரிபார்க்கலாம்.

இந்த விதியை நான் கண்டுபிடிக்கவில்லை. பயன்பாட்டுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 9241-11 இதைத்தான் சொல்கிறது: குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கங்கள், குறிப்பிட்ட சூழல். இந்த மூன்றையும் சொல்லாமல் ஒரு தளத்தைப் பற்றி “பயன்படுத்த எளிது” என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. வேலையை முடிக்க முடிந்ததா, எவ்வளவு சிரமப்பட்டார், மனநிறைவு இருந்ததா என்ற மூன்றையும் அந்தத் தரம் பார்க்கச் சொல்கிறது. மனநிறைவும் அதில் இருக்கிறது என்பதை, அழகே தேவையில்லை என்று வாதிடும் டெவலப்பர்களுக்கு நான் நினைவுபடுத்துவதுண்டு.

வாதத்துக்கு எடுக்கக் கூடாதவை

சில விஷயங்களை அளந்து பார்த்தாலே போதும். அவற்றில் ரசனைக்கு இடமில்லை.

சாம்பல் எழுத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பின்னணியில் மங்கலான சாம்பல் எழுத்து மென்மையாக, விலையுயர்ந்ததாகத் தெரியும். எனக்கும் பிடிக்கும். ஆனால் உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு, கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3:1. பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் கருவி அந்த எண்ணைக் காட்டிவிடும். 4.5-க்குக் கீழே இருந்தால் நிறத்தை அடர்த்தியாக்க வேண்டியதுதான். பேச்சு அங்கே முடிகிறது.

பட்டன் அளவும் அப்படியே. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 சி.எஸ்.எஸ். பிக்சலாவது (வலைப்பக்கத்தில் அளவு சொல்லும் அலகு) இருக்க வேண்டும் என்கிறது. ஆப்பிள் தன் வழிகாட்டியில் 44 புள்ளி கேட்கிறது, ஆண்ட்ராய்டு பக்கம் 48. நான் பெரியதையே பிடித்துக்கொள்வேன். கட்டைவிரல் யாருக்கும் சுருங்கப் போவதில்லை.

வேகத்துக்கும் கூகுள் வைத்திருக்கும் அளவுகள் உண்டு: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும். படம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளும் துள்ளலுக்கான மதிப்பெண் 0.1-ஐத் தாண்டக் கூடாது. இயக்குநர் கேட்ட முகப்பு வீடியோவை நான் நேரடியாக எதிர்க்க மாட்டேன். வீடியோவோடு ஒருமுறை, வீடியோ இல்லாமல் ஒருமுறை பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வேன், அதுவும் சாதாரண போனில், மெதுவான இணைப்பில். அந்தக் காத்திருப்பை மேஜையில் எல்லோரும் மௌனமாகப் பார்த்தால் வாதத்துக்கு வேலையில்லாமல் போகும்.

இன்னும் சில சோதனைகள் வேகமாக முடிந்துவிடும். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் தளத்தில் நகர்ந்து பாருங்கள். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்குங்கள், எதுவும் வெட்டுப்படக் கூடாது. தானாக நகரும் ஸ்லைடர் 5 விநாடிக்கு மேல் ஓடினால் அதை நிறுத்த வழி இருக்க வேண்டும். அசைவு வேண்டாம் என்று போனில் அமைத்துக்கொண்டவருக்கு ஆனிமேஷன் ஓடக் கூடாது.

புதுமையை எங்கே வைப்பது

இங்கேதான் உண்மையான வாதம் தொடங்குகிறது. இதற்கு நேரம் ஒதுக்கத்தான் மற்றதையெல்லாம் வேகமாக முடித்தோம்.

ஒரு தளத்தில் கை பழகிய இடங்கள் உண்டு. கண் தங்கும் இடங்களும் உண்டு. தேடல் பெட்டி, மெனு, உள்நுழைவு, ஃபார்ம், பின்செல்லும் பட்டன் எல்லாம் கைக்குச் சொந்தம். பயன்பாட்டு நிபுணர் யாக்கோப் நீல்சன் சொன்ன கருத்து ஒன்று இந்தத் துறையில் அவர் பெயராலேயே வழங்குகிறது: மக்கள் தங்கள் நேரத்தின் பெரும்பகுதியை மற்ற தளங்களில்தான் செலவிடுகிறார்கள். ஆகவே உங்கள் தளமும் அவற்றைப் போலவே இயங்கும் என்று எதிர்பார்த்தே வருகிறார்கள். நூலகத் தளத்தில் தேடல் பெட்டியை வட்டமாக்கி ஓரத்தில் மிதக்க விட்டால் அது புதுமைதான். ஆனால் அதன் விலையைப் புத்தகம் தேட வந்தவர் கட்டுகிறார்.

மூன்று கோடு மெனு ஐகானை யாராவது ‘மாடர்ன்’ என்று சொன்னால், அது ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது, 1981-இல் வந்தது என்று சொல்லுங்கள். நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் அதன் பக்கத்தில் ‘மெனு’ என்று எழுதி வைக்கச் சொல்லும் ஆள் நான். இடம் தாராளமாக இருக்கும் கணினித் திரையில் முக்கிய இணைப்புகளை அதற்குள் ஒளித்து வைப்பதற்கு எனக்கு இதுவரை ஒரு நல்ல காரணம் கிடைத்ததில்லை.

கண்ணுக்குச் சொந்தமான இடங்களில் துணிந்து விளையாடலாம். எழுத்துரு, நிறங்களின் சேர்க்கை, படங்கள், வெற்றிடம், எதற்கு எவ்வளவு இடம் என்ற அளவுக் கணக்கு, பிழைச் செய்தியின் தொனி. நூலகத் தளத்தில் ஸ்டாக் போட்டோக்களை, அதாவது யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டு புத்தகம் பிடித்திருக்கும் அந்தப் படத்தை, எடுத்துவிட்டு அந்த நூலகத்தின் அலமாரிகளையே நல்ல வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். தேடியது கிடைக்காதபோது வெறுமனே ‘முடிவுகள் இல்லை’ என்று நிறுத்தாமல், அந்தப் புத்தகத்தை வாங்கி வைக்கச் சொல்லிப் பரிந்துரைக்கும் ஃபார்மை அங்கேயே வையுங்கள். தளத்துக்குத் தனி முகம் இப்படித்தான் வருகிறது.

தொழில்துறை வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி இந்த இழுபறியை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்: மக்கள் ஏற்றுக்கொள்ளும் எல்லைக்குள் எவ்வளவு முன்னால் போக முடியுமோ அவ்வளவு போ. அந்த எல்லை எங்கே என்பதுதான் மீட்டிங்கில் பேச வேண்டிய பொருள்.

மேற்பூச்சில் இருக்கும் புதுமை எவ்வளவு சீக்கிரம் பழசாகிறது என்பதையும் மேஜையில் வையுங்கள். 2013-இல் ஐபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 7 வந்தபோது நிழல், பளபளப்பு, தோல் போன்ற தோற்றம் எல்லாம் ஒரே அடியாகப் போயின. அதைப் பார்த்துத் தளங்களும் தட்டையாயின. கூடவே எது பட்டன், எது வெறும் எழுத்து என்ற குழப்பமும் வந்தது. அடுத்த ஆண்டே கூகுளின் வடிவமைப்பு விதித்தொகுப்பான மெட்டீரியல் டிசைன் அடுக்குகளையும் நிழலையும் வேறு வடிவில் கொண்டுவந்தது. அதனால் “பழசா தெரியுது” என்று ஒருவர் சொல்லும்போது எது பழசு என்று கேளுங்கள். பல நேரம் அவர் கண்ணில் பட்டது முகப்பில் தொங்கும் போன வருட அறிவிப்பாக இருக்கும். அதை டிசைனால் சரிசெய்ய முடியாது. யார் புதுப்பிப்பது, எந்தக் கிழமை என்று ஒரு பெயரைப் போட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

அழகின் கட்சிக்கும் காது கொடுங்கள்

பயன்பாட்டுப் பக்கம் நிற்பவர்கள் அழகை அலங்காரம் என்று ஒதுக்கினால் நான் குறுக்கிடுவேன். ஜப்பானில் குரோசு, காஷிமுரா என்ற இருவர் 1995-இல் ஏ.டி.எம். திரைகளின் பல அமைப்புகளைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். அழகாகத் தோன்றியவற்றையே பயன்படுத்தவும் எளிதானவை என்று மக்கள் மதிப்பிட்டார்கள். 2006-இல் கிட்டெ லிண்ட்கார்ட் (Gitte Lindgaard) என்ற ஆய்வாளரின் குழு, ஒரு பக்கத்தின் ஈர்ப்பைப் பற்றிய எண்ணம் 50 மில்லிவிநாடிக்குள் உருவாகிவிடுகிறது என்று காட்டியது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. அழகான தளத்தை மக்கள் நம்பி உள்ளே வருகிறார்கள், சிறு தடங்கலைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அதே காரணத்தால் “பிடிச்சிருக்கா?” என்று கேட்டு வரும் பதிலை நம்பக் கூடாது. அழகு அவர்கள் பட்ட சிரமத்தை மறைத்துவிடும். அவர்கள் கை திரையில் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

முட்டுச்சந்தில் நின்றால்

இரண்டு கட்சியும் அசையவில்லை என்றால் பேச்சை நிறுத்திவிட்டு ஐந்து பேரை அழைத்து வாருங்கள். சிறு சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று நீல்சன் 2000-இல் எழுதினார். பெரும்பாலான பெரிய குறைகள் அதற்குள் தெரிந்துவிடும்.

வேலையைச் சொல்லும்போது திரையில் இருக்கும் சொற்களைப் பயன்படுத்தாதீர்கள். பட்டனில் ‘கெடுவை நீட்டிக்க’ என்று இருந்தால், “நீங்க எடுத்த புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் வச்சுக்கணும், என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். உதவி செய்யத் துடிக்கும், கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். வாதாடிய இருவரும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்டாயம். பார்ப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று இருவரும் ஆளுக்கு ஒரு வரி எழுதித் தரட்டும். அறிக்கையாகப் படித்தால் யாரும் மனம் மாறுவதில்லை. முன்னால் ஒருவர் மெனுவைத் தேடித் திரையை மேலும் கீழும் தள்ளுவதைப் பார்த்தால் மாறுகிறார்கள்.

மீட்டிங்குக்குள் அதிகாரம் புகும் வழியையும் அடைக்க வேண்டும். பேசுவதற்கு முன் எல்லோரும் மௌனமாகக் கருத்துகளை எழுதட்டும். பதவியில் பெரியவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் எழுதியது பைக்குள் போய்விடும். “அந்தத் தளம் மாதிரி வேணும்” என்று ஒருவர் வேறொன்றைக் காட்டினால், அதில் எந்த ஒரு விஷயம் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்த முடிவையும் காரணத்தையும் தேதியோடு ஒரு வரியில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அதே வாதம் புதிய ஆட்களோடு மீண்டும் நடக்கும்.

வெளியிட்ட பிறகு

புதிய தளத்தில் பழைய பக்கங்களின் முகவரிகள் உடையக் கூடாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதை வலியுறுத்தி எழுதியிருக்கிறார். முகவரி மாறியே தீர வேண்டுமென்றால் பழையதைத் திறப்பவர் தானாகப் புதியதுக்குப் போய்ச் சேரும்படி டெவலப்பரிடம் சொல்லி அமைத்துவிடுங்கள்.

முதல் வாரம் குறைகள் கொட்டும். அவற்றை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். “காணோம்” என்று வருபவை ஒன்று: நேரம் எங்கே போச்சு, என் கணக்குக்குள் எப்படிப் போறது. இவற்றை அன்றே எடுத்துச் சரிசெய்யுங்கள். “பிடிக்கலை, பழசே நல்லா இருந்தது” என்று வருபவை இன்னொன்று. பழக்கம் உடைந்த எரிச்சல் அதில் நிறைய இருக்கும். தேதி போட்டு எடுத்து வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். அப்போதும் அதே குறையைச் சொல்லிக்கொண்டிருப்பவர்களை அடுத்த மீட்டிங்குக்கு அழைத்துவிடுங்கள்.