கந்தரோடை, நிலாவரை, கீரிமலை: பிள்ளைகளோடு ஒரு நாள்

யாழ்ப்பாணம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் நல்லூரோடும் உறவினர் வீடுகளோடும் நாட்களை முடித்துக்கொள்கின்றன. ஒரு நாளையாவது குடாநாட்டின் வடமேற்குப் பகுதியான வலிகாமத்துக்கென்று ஒதுக்குங்கள். கந்தரோடை, நிலாவரை, கீரிமலை என்ற வரிசையில் போனால், இந்த மண்ணின் சுண்ணாம்புக்கல் மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பிள்ளைகளின் கண்முன் விரியும்.

வெயில் ஏறுமுன் சுன்னாகத்துக்கு அருகிலுள்ள கந்தரோடைக்குப் போய்விடுங்கள். சிறிதும் பெரிதுமான சாம்பல் நிறப் பௌத்தக் கல் தூபிகள், சுற்றிலும் பனைகள் நிற்க, ஒன்றையொன்று நெருங்கி அமர்ந்திருக்கும். அருகில் குனிந்து பார்த்தால் அந்தக் கல்லின் புள்ளித் துளைகளில் ஒரு காலத்துக் கடல் உயிர்களின் தடம் தெரியும். 1917 தொடங்கி வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் இங்கு ஆராய்ந்தார். 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் நடத்திய அகழ்வில் கருப்பு-சிவப்பு மட்பாண்டங்களும், தூபிகளுக்கு முந்திய குடியிருப்பின் அடையாளங்களும் வெளிப்பட்டன. இன்று நாம் பார்க்கும் தூபிகளிற் பல, பழைய அத்திவாரங்களின் மேல் மீளக் கட்டப்பட்டவை. தமிழரிடையே பௌத்தமும் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு இங்கே வைத்தே சொல்லுங்கள். தூபிகளின் மேல் ஏற விடாதீர்கள்.

அங்கிருந்து கிழக்கே, புத்தூருக்கு அருகில் நிலாவரைக் கிணறு. யாழ்ப்பாணத்தில் என்றும் வற்றாது ஓடும் ஆறு இல்லை. பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தடியில் உப்புநீருக்கு மேலே நன்னீராக மிதந்து நிற்கிறது. கல்லின் கூரை இடிந்து விழுந்த இடத்தில் அந்த நீர் வெளியே தெரிவதுதான் நிலாவரை. மேல்நீர் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. இராமர் அம்பெய்து உண்டாக்கினார் என்பது ஐதீகம். சிறு பிள்ளைகளின் கையை இங்கே ஒரு கணமும் விடக்கூடாது.

மதியச் சாப்பாட்டுப் பொதியை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. மாலை வெயில் தணியும் வேளைக்குக் கீரிமலையை அடையுங்கள். 1990இல் போரினால் மக்கள் இடம்பெயர்ந்தபின் நெடுங்காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த ஊர் இது என்பதால், வழியில் படை முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். கடலோர நன்னீர் ஊற்றில் குளிக்க ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உள்ளன. மதிலுக்கு அப்பால் அலை அடிக்க, இப்பால் நன்னீர் ஊறிக்கொண்டிருக்கும். படிகளில் பாசி வழுக்கும். முதியவர்களைப் பிடித்து இறக்குங்கள். துவாயும் மாற்றுடுப்பும் கட்டாயம் வேண்டும். அருகிலுள்ள நகுலேச்சரம் சிவன் கோயிலுக்குள் போகும் ஆண்களுக்கு வேட்டியும் எடுத்துவையுங்கள். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்வோரால் ஊரே நிரம்பியிருக்கும். சுற்றிப்பார்க்க அந்த நாள் ஏற்றதல்ல.

நிலாவரையில் போட்ட தேசிக்காய் (எலுமிச்சை) கீரிமலையில் மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். கிணற்றடியில் நிற்கும்போதே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள், ஆனால் எதையும் உள்ளே எறிய விடாதீர்கள். என் அண்ணனின் மகள் கேணியில் இறங்கியதும் முதலில் தேடியது அந்தத் தேசிக்காயைத்தான்.