இன்டர்ஃபெரோமீட்டரையும் நிறமாலையையும் சேர்க்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை, நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டாகச் சுழலும் வாயுவின் வேகத்தைச் சொல்லும்; பல தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்துப் பார்க்கும் இன்டர்ஃபெரோமீட்டர் அந்த வாயு இருக்கும் இடத்தைச் சொல்லும்; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும் என்று இறங்குபவர்கள்தான் அதிகம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு எண் இருக்கிறது: அந்த அலைநீளத்தில் வரும் ஒளியில் வாயுவின் பங்கு எவ்வளவு?

சிலியின் பரனாலில் நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளை இணைக்கும் கிராவிட்டி கருவியை எடுத்துக்கொள்வோம். 130 மீட்டர் அடித்தொலைவில் (இரு தொலைநோக்கிகளுக்கு இடையிலான தூரம்), 2.166 மைக்ரோமீட்டர் ஹைட்ரஜன் வரியில் 1 பாகை ஃபேஸ் மாற்றம், அதாவது இரு தொலைநோக்கிகளின் ஒளி அலைகள் சேரும்போது உண்டாகும் பட்டைகளின் இடமாற்றம், தெரிந்தால், ஒளிமையம் (மொத்த ஒளியின் சராசரி மையம்) சுமார் 10 மைக்ரோ ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒன்று; மைக்ரோ அதில் பத்து லட்சத்தில் ஒன்று) நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சரி, வாயு அங்கேதான் இருக்கிறதா? இல்லை. வரியின் உச்சி, அதன் இருபுறமும் உள்ள பின்னணி ஒளியைவிட 20% மட்டுமே உயர்ந்திருந்தால், மொத்த ஒளியில் வாயுவின் பங்கு ஆறில் ஒன்று. மீதியெல்லாம் நட்சத்திரம்; அது ஒளிமையத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. ஆக வாயு இருப்பது 60 மைக்ரோ ஆர்க்செகண்ட் தள்ளி. நட்சத்திரத்தின் சொந்த உறிஞ்சு வரி அடியில் ஒளிந்திருந்தால் இந்தக் கணக்கும் மாறும்.

இந்தப் பங்கை எடுக்கப் பழைய நிறமாலையைத் தேடிப் போகாதீர்கள். பிஇ (Be) நட்சத்திரங்கள், அதாவது வேகமாகச் சுழன்று தம்மைச் சுற்றி வாயுத் தட்டு வைத்திருக்கும் சூடான நட்சத்திரங்கள்; அவற்றின் தட்டு வளரும், கரையும். சில வருடம் முந்தைய வரி இன்றைய வரி அல்ல. அப்புறம், பூமியின் வளிமண்டலம் நிறமாலையில் பதிக்கும் கோடுகளை நீக்க, ஒப்பீட்டுக்காகப் பார்த்த ஏ வகை (வெண்ணிற, சூடான) நட்சத்திரத்தின் நிறமாலையால் அப்படியே வகுத்தால், அதன் ஆழமான ஹைட்ரஜன் உறிஞ்சல் நம் நட்சத்திரத்தில் போலி உமிழ்வாக முளைக்கும்.

கணினியில் கட்டிய தட்டு மாதிரியோடு ஒப்பிடும்போது நடப்பது இன்னும் நுட்பமான தவறு. கருவியின் பிரிதிறன் (அலைநீளங்களைப் பிரித்தறியும் திறன்) 4000 என்றால் ஒரு படி சுமார் 75 கிமீ/வி. அதனால் மாதிரியையும் மங்கலாக்க வேண்டும். விசிபிலிட்டியை (பட்டைகளின் தெளிவைச் சொல்லும் அளவை) நேரடியாக மங்கலாக்காதீர்கள். அதை ஒளி அளவால் பெருக்கி, பெருக்கலையும் ஒளி அளவையும் தனித்தனியே மங்கலாக்கி, கடைசியில் வகுங்கள்.

ஒரே அடித்தொலைவை வைத்து "சுழற்சியே இல்லை" என்று எழுதுவதும் நடக்கிறது. அந்த அடித்தொலைவின் திசையில் விழும் நகர்வு மட்டுமே ஃபேஸில் தெரியும். தட்டின் சுழற்சி அச்சு அடித்தொலைவோடு இணையாக அமைந்துவிட்டால் சுழற்சி எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஃபேஸின் வரைகோடு தட்டையாகத்தான் வரும். வேறு திசையில் இன்னொரு அடித்தொலைவு வேண்டும். அது ஆறு மாதம் கழித்துக் கிடைத்தால், பூமியின் 30 கிமீ/வி ஓட்டத்தில் நட்சத்திரத்தின் திசையில் விழும் பகுதியை இரண்டிலும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.