முன்பணத்துக்கு முன் பதிவு எண்ணைப் பாருங்கள்

பழைய காருக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே, அதன் பதிவு எண்ணை மத்திய அரசின் எம்பரிவாகன் (mParivahan) செயலியில் உள்ளிட்டு, தகுதிச் சான்று (எஃப்.சி.), சாலை வரி, காப்பீடு ஆகியவை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும், கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகங்களின் பதிவேட்டிலிருந்தே இத்தகவல்கள் வருவதால், விற்பவர் நீட்டும் ஆர்.சி. நகலைவிட இவையே நம்பத்தகுந்தவை.

மதுரைக்குரிய 58, 59, 64 வரிசை எண்களில் முதலிலிருந்தே சொந்தப் பயன்பாட்டில் உள்ள கார்களுக்குப் பெரும்பாலும் ஆயுட்கால வரி கட்டப்பட்டிருக்கும். வாடகை வண்டியாக ஓடிப் பின்னர் சொந்த வண்டியாக மாற்றப்பட்டவற்றில்தான் வரி பாக்கி இருக்கிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். புதுச்சேரி, கேரளப் பதிவுள்ள கார் விலை மலிவாகத் தோன்றினாலும், அங்கே கட்டிய வரி இங்கே செல்லாது என்பதால், தடையின்மைச் சான்று பெற்று மறுபதிவு செய்கையில் தமிழ்நாட்டு வரியைத் தனியாகக் கட்ட நேரும். அந்தத் தொகையையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகள் கழித்தே ஆர்.டி.ஓ. தகுதிச் சோதனை வரும் என்பதால், அதற்குட்பட்ட வண்டிகளில் அந்தத் தேதி என்ஜின் நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. விபத்து, பழுதுபார்ப்பு விவரங்களும் இந்தச் செயலியில் கிடைக்கமாட்டா. அவற்றுக்கு நம்பகமான மெக்கானிக்கை அழைத்துச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.