சீட்டு சரி, கண்ணாடி தவறு: லென்ஸ் தேர்வில் தவிர்க்க வேண்டியவை

கண்ணாடிக் கடையில் அளவெடுக்கும் மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். தொடக்க நாட்களில் நான் செய்த தவறுகளையே அவர்களும் ஏறக்குறைய அதே வரிசையில் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. வலக் கண் லென்ஸை இடப் பக்கம் மாட்டுவது போன்றவை ஒருமுறை சரிபார்த்தாலே பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கண்ணாடி அணியப்போகிறவரும் விழிப்பாக இருந்தால் தடுத்துவிடக்கூடிய தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அளவை முதலில் எடுத்துவிட்டு, பிரேமைப் பிறகு சரிசெய்வது

நாற்பது வயதை ஒட்டி, கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் தன் நெகிழ்வை இழப்பதால் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கத் தொடங்குகிறது. இதுவே வெள்ளெழுத்து. ஏற்கெனவே கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ உள்ளவருக்கு இதுவும் சேரும்போது, தூரத்துக்கு ஒரு பவரும் படிப்பதற்கு வேறொரு பவரும் தேவைப்படுகின்றன. அந்த இரண்டையும் கோடு தெரியாமல் ஒரே பரப்பில் படிப்படியாக இணைப்பதே புரோகிரசிவ் லென்ஸ். 1959-இல் பிரான்சில் பெர்னார் மெத்தெனா வடிவமைத்த வாரிலக்ஸ் மூலமாக இது பரவலான புழக்கத்துக்கு வந்தது.

இந்த லென்ஸில் தெளிவாகத் தெரியும் பகுதி, மேலிருந்து கீழே இறங்கும் ஒரு குறுகிய பாதை மட்டுமே. பாதையின் வழியே பவர் எவ்வளவு வேகமாகக் கூடுகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் தேவையற்ற சிலிண்டர் பவர் (எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாமல் பார்வையை மங்கவைக்கும் பவர்) சேரும் என்பதை மிங்க்விட்ஸ் என்ற ஆய்வாளர் 1963-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். எந்த நிறுவனம் செய்தாலும், எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் இந்த விதியிலிருந்து முழுமையாகத் தப்ப முடியாது. ஆகவே பாதை கருவிழிக்கு நேராக அமைந்தாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகல்கூட இங்கே சிறிய விஷயமன்று.

தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில், விடைத்தாள் திருத்தும் ஆசிரியை ஒருவருக்குப் புரோகிரசிவ் லென்ஸுக்கு அளவெடுத்தேன். அவர் தேர்ந்தெடுத்த பிரேம் மூக்கில் சற்றுச் சரிந்தே நின்றது. அந்த நிலையிலேயே கருவிழியின் உயரத்தைக் குறித்து அனுப்பிவிட்டேன். லென்ஸ் வந்து பொருத்திய பின், பிரேம் கன்னத்தில் இடிக்கிறது என்று அவர் சொன்னதும், மூக்குத்தாங்கிகளை நெருக்கி அதை உயர்த்திக் கொடுத்தேன். பிரேம் மூன்று மில்லிமீட்டர் உயர்ந்தபோது, கருவிழிக்கு நேரே நிற்க வேண்டிய லென்ஸின் குறியும் அதனுடன் சேர்ந்து மேலே போய்விட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாளே அவர் திரும்பி வந்தார். எதிரே வருகிறவரின் முகம் தெரிவதற்குத் தலையைக் குனிய வேண்டியிருக்கிறது என்றார். "புரோகிரசிவ் அப்படித்தான் இருக்கும் அம்மா, இரண்டு வாரத்தில் பழகிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் கழுத்து வலியோடு வந்தார். கண்ணை மறுபடி பரிசோதித்தோம்; பவர் மாறவில்லை. லென்ஸைக் கருவியில் வைத்துப் பார்த்தோம். பவர் எழுதிய சீட்டில் உள்ளபடியே இருந்தது. கடைசியில் என் மூத்தவர் கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, லென்ஸில் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் பொறிக்கப்பட்டிருக்கும் இரண்டு நுண்குறிகளைத் தேடிப் பேனாவால் புள்ளியிட்டார். தயாரிப்பாளரின் வரைபடத்தில் வைத்துக் குறியின் இடத்தை வரைந்து ஆசிரியையின் முகத்தில் மாட்டியபோது, அது கருவிழிக்கு மேலே நின்றது. நேராகப் பார்க்கும்போதெல்லாம் அவர் படிப்பதற்கான பவர் கூடத் தொடங்கும் பகுதி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேமை மறுபடி இறக்கினால் கன்னத்தில் இடித்தது. இரண்டு லென்ஸ்களும் வீணாகின. பொருள் இழப்பைவிட, சரியாகச் சொன்ன ஒருவரை மூன்று வாரம் நம்பாமல் இருந்தேன் என்பதே இன்றும் என்னை உறுத்துகிறது. புதியவர்கள் "பழகிவிடும்" என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருவதற்கும் காரணம் அதுதான்.

எனவே முதலில் பிரேமை முகத்துக்குப் பொருத்துங்கள். மூக்குத்தாங்கி, காதுவளைவு, சாய்வு எல்லாம் முடிந்து, வாடிக்கையாளர் தலையை அசைத்தும் பிரேம் நகராத பிறகே குறியிடுங்கள். கருவிழிகளின் இடைத்தூரத்தை மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். மொத்தம் 62 மில்லிமீட்டர் என்பது பலருக்கு 31, 31 ஆக அமைவதில்லை. 30, 32 ஆகவும் இருக்கும். பாதியாகப் பிரித்து எழுதினால் இரண்டு பாதைகளும் ஒரே பக்கமாக ஒரு மில்லிமீட்டர் விலகிவிடும். அணிபவர் ஒன்றைக் கவனித்தால் போதும்: நீங்கள் தேர்ந்தெடுத்த அதே பிரேமை முகத்தில் மாட்டி, கண்ணுக்கு நேரே லென்ஸில் யாரும் குறியிடவில்லை என்றால் அந்தப் புரோகிரசிவ் கண்ணாடிக்குச் சம்மதிக்காதீர்கள்.

உண்மையாகவே பழக வேண்டியவையும் உண்டு. பக்கவாட்டில் பார்க்கும்போது நெளிவதும், படியிறங்கும்போது தரை மங்குவதும் முதல் சில நாட்களுக்கு இருக்கும். நாளுக்கு நாள் குறையும். நேர்பார்வையில் மங்கல், குனிந்தால் மட்டும் தூரம் தெளிதல், முகத்தை நன்றாகத் தூக்கினால் மட்டும் எழுத்து தெரிதல், ஒரு கண்ணை மூடினால் நிம்மதி ஆகியவை பழக்கத்தால் தீருபவை அல்ல. அவை வந்தால் அளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒற்றைப் பவர் லென்ஸுக்கும் மையம் முக்கியமே. மையம் விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால், அந்த விலகல் உண்டாக்கும் பிரிசத்தின் (ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும் விளைவின்) அளவு கிடைக்கும். மைனஸ் 6 பவரில் 4 மில்லிமீட்டர் விலகினால் 2.4 பிரிசம். கண் தசைகள் நாள் முழுவதும் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக்சிஸ் எண்ணை அலட்சியமாகப் படியெடுப்பது

கருவிழிப் படலம் எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாதவருக்குச் சிலிண்டர் பவர் தரப்படுகிறது. அது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதே ஆக்சிஸ். கோணம் 10 பாகை தவறினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குறை திரும்பிவிடும். 30 பாகை தவறினால், சிலிண்டரே போடாதபோது எவ்வளவு பிழை இருந்ததோ அவ்வளவு பிழை எஞ்சும். சிலர் பிளஸ் சிலிண்டரிலும் சிலர் மைனஸ் சிலிண்டரிலும் எழுதுவதால், ஒரே பவர் இரு சீட்டுகளில் 90 பாகை வேறுபாட்டோடு வரலாம். பழைய சீட்டோடு ஒப்பிட்டு "கண் மாறிவிட்டது" என்று பயமுறுத்துவதற்கு முன், ஒன்றை மற்றதாக மாற்றிப் பாருங்கள்.

எண் கூடினால் லென்ஸ் உயர்ந்தது என்று நம்புவது

1.67, 1.74 என்ற எண்கள் ஒளிவிலகல் எண்களே அன்றித் தரவரிசை அல்ல. எண் கூடக்கூட லென்ஸ் மெலியும் என்பது உண்மை. ஆனால் ஒளி நிறங்களாகப் பிரிவது பொதுவாகக் கூடும், பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கூடும். ஆகவே எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லாமல் அதை அணியக் கூடாது. நிறப்பிரிகையைக் காட்டும் ஆபே எண் சி.ஆர். 39 எனப்படும் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30. ஆபே எண் குறையக் குறைய ஓரங்களில் வண்ண நிழல் தெரியும். மைனஸ் 1.50 பவருக்கு 1.74 லென்ஸ் பரிந்துரைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கனமான பவருக்கும்கூட, சிறிய பிரேமைத் தேர்ந்தெடுப்பது பல நேரங்களில் விலையுயர்ந்த லென்ஸ் செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடும். பாலிகார்பனேட்டின் பலம் வேறிடத்தில் இருக்கிறது: அது எளிதில் உடையாது. குழந்தைகளுக்கும், ஒரே கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கும் நான் முதலில் அதையே எடுத்து வைப்பேன்.

குழந்தைக்குப் பவரைக் குறைத்துக் கொடுக்கக் கேட்பது

முழுப் பவர் கொடுத்தால் கிட்டப்பார்வை கூடிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். குறைத்துக் கொடுப்பதால் அது நின்றுவிடுவதில்லை. பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் போவதுதான் மிச்சம்.

நீல ஒளித் தடுப்பைக் கண் களைப்புக்கு மருந்தாக விற்பது

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கணினித் திரையால் வரும் களைப்பை இந்த லென்ஸ் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால் கண் வறள்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் 20 வினாடி பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பவர் எடுப்பது

இரத்தச் சர்க்கரை மாறும்போது கண்ணின் லென்ஸும் மாறும். சர்க்கரை சீராகிச் சில வாரங்கள் ஆகட்டும்.

உலர்ந்த துணியால் துடைப்பது

முதலில் தண்ணீரில் கழுவுங்கள், தூசிதான் கீறுகிறது.