சாண்டோரினிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்க நாட்டின் சாண்டோரினி தீவுக்கு டிக்கெட் போடுகிற பலர் மனதில் இருப்பது ஒரே ஒரு படம்தான்: வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல். படம் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஹோட்டல், படகு, நடை எல்லாவற்றையும் முடிவு செய்தால் அங்கே போய் முழிக்க வேண்டியிருக்கும்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். தீவு பிறை வடிவில் இருக்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெரிய எரிமலை வெடிப்பில் நிலத்தின் நடுப்பகுதி சரிந்து, கடல் உள்ளே புகுந்தது. அந்தக் கடல் நிறைந்த பள்ளம்தான் கால்டெரா. அதைச் சுற்றி எஞ்சிய விளிம்பில்தான் ஊர்கள் உட்கார்ந்திருக்கின்றன. பிறையின் உள்பக்கம், அதாவது மேற்குப் பக்கம், 300 மீட்டர் வரை செங்குத்தாக இறங்குகிற பாறை. கிழக்குப் பக்கம் மெல்லச் சரிந்து கடற்கரையில் முடிகிறது. இங்கே நடக்கிற தவறுகளில் பாதி, இந்த அமைப்பு தெரியாததால் வருபவை.

தங்கும் இடம்

நிறையப் பேர் சறுக்குவது இதில்தான். இயா, இமெரோவிக்லி, ஃபிரா மூன்றும் பாறை விளிம்பு ஊர்கள். காட்சி அங்கேதான், விலையும் அங்கேதான். ஆனால் அங்கே தங்கினால் நினைத்தபோது இறங்கிக் குளிக்கக் கடற்கரை கிடையாது. கமாரி, பெரிசா ஆகிய ஊர்களில் வாசலிலேயே கடற்கரை, வாடகையும் குறைவு. ஆனால் அங்கிருந்து கால்டெராவும் தெரியாது, அஸ்தமனமும் தெரியாது. "கடல் பார்த்த அறை" என்று போட்டிருந்தால் எந்தக் கடல் என்று கேளுங்கள். கிழக்குக் கடலும் கடல்தானே, ஹோட்டல்காரர் சொன்னதில் தப்பில்லை.

அடுத்தது படிக்கட்டு. பாறையைக் குடைந்த குகை அறைகள் படத்தில் அழகாக இருக்கும். அவற்றுக்கு வாகனம் போகாது. சாலையில் இறங்கி, குறுகலான சந்தில் நடந்து, உயரமும் அகலமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத படிகளில் இறங்க வேண்டும். லிஃப்ட் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. இருபத்துமூன்று கிலோ பெட்டியோடு இறங்குவதே பெரும்பாடு. முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், காலை உணவுக்கு மேலே ஏறி வருவதே அவர்களுக்கு அன்றைய வேலையாகிவிடும். முன்பதிவு செய்வதற்கு முன் இரண்டு கேள்விகளை எழுதிக் கேட்டுவிடுங்கள்: சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படி? பெட்டியைத் தூக்க ஆள் வருவாரா?

தனிமை பற்றியும் ஒரு வார்த்தை. பாறையில் அடுக்கடுக்காகக் கட்டியிருப்பதால் ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் முற்றம். பொதுவழி உங்கள் தலைக்கு மேலேயே போகும். தனிக் குளம் என்று காசு கொடுத்து எடுத்த இடத்தில் நீங்கள் குளிப்பதை, மேலே ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. தேனிலவுக்குப் போகிறவர்கள் இதையும் விசாரித்துவிடுவது நல்லது.

என் யோசனை: இரண்டு இரவு விளிம்பு ஊரில், மீதி நாட்கள் கமாரியிலோ பெரிசாவிலோ. விளிம்பில் தங்க இயாவைவிட இமெரோவிக்லி எனக்குப் பிடிக்கும். அதே பள்ளம், பாதிக் கூட்டம். அப்புறம், முன்பதிவுத் தொகையோடு கணக்கு முடிவதில்லை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை கிரேக்க அரசின் காலநிலைக் கட்டணம் தனி. ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்றால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 15 யூரோ. பெரும்பாலும் ஹோட்டலில் நேரடியாக வாங்குவார்கள்.

இயாவின் மாலை

இயாவில் பழைய கோட்டை இடிபாடு ஒன்று இருக்கிறது. சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். கோடையில் இரண்டு மணி நேரம் முன்பே சுவர் ஓரமெல்லாம் நிரம்பிவிடும். கடைசி நிமிடத்தில் போனால் சூரியனைவிட முன்னால் இருப்பவரின் செல்போன்தான் நன்றாகத் தெரியும். அது முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே பேருந்து நிறுத்தத்துக்கு வருவார்கள்.

சூரியன் இயாவில் மட்டும் மறைவதில்லை. தீவின் நடுவில் உயரமான இடத்தில் இருக்கிற பிர்கோஸ் கிராமம், தென்மேற்கு முனையில் இருக்கிற அக்ரோதிரி கலங்கரை விளக்கம், இமெரோவிக்லியின் ஸ்காரோஸ் பாறைப் பக்கம், இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் போங்கள். இயாவை விடியற்காலையில் பாருங்கள். ஏழு மணிக்கு அந்தச் சந்துகளில் துடைப்பச் சத்தமும் பூனைகளும்தான்.

படம் எடுக்கிற ஆசையில் தேவாலயக் கூரையிலும் வீட்டு மதிலிலும் ஏறாதீர்கள். அது யாரோ ஒருவருடைய வீடு, யாரோ ஒருவருடைய வழிபாட்டிடம். நீளமான கவுனைக் காற்றில் பறக்கவிட்டு எடுக்கும் படங்களுக்கென்றே அங்கே ஒரு தொழில் நடக்கிறது. வழியை மறித்து நிற்கிற கூட்டத்தில் நாமும் ஒருவராக வேண்டுமா என்பது அவரவர் முடிவு.

இரண்டு துறைமுகம், ஒரு கழுதைப் பாதை

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரும் பெரிய படகுகள் அதினியோஸ் துறைமுகத்தில் நிற்கும். சொகுசுக் கப்பல் பயணிகளைச் சிறு படகுகளில் இறக்குவது பொதுவாக ஃபிராவுக்கு நேர் கீழே இருக்கிற பழைய துறைமுகத்தில். இரண்டும் வேறு வேறு இடம். படகைப் பிடிக்க வேண்டியவர் ஃபிராவின் படிகளில் இறங்கிவிட்டால் படகு போயே போய்விடும். படகு டிக்கெட்டில் ஊர்ப் பெயர் திரா என்று இருந்தால் பதற வேண்டாம், அதுவும் இதே தீவுதான்.

பழைய துறைமுகத்திலிருந்து மேலே வர மூன்று வழி: கேபிள் கார், அறுநூறுக்குச் சற்றுக் குறைவான படிகள், கழுதை. கேபிள் காரில் மூன்று நிமிடம்தான், ஆனால் கப்பல்கள் ஒன்றாக வந்து நிற்கிற நாளில் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். படிகளில் இறங்கலாம், ஏறுவது கஷ்டம். கழுதைச் சாணத்தில் பளபளவென்று வழுக்கும். கழுதைச் சவாரியைத் தவிர்த்துவிடுங்கள். வெயிலில் நாள் முழுக்க ஆள் சுமக்கும் அந்தப் பிராணிகளின் நிலை பற்றி எழுந்த கண்டனத்தால், 2018இல் எடை வரம்பே கொண்டுவந்தார்கள்: 100 கிலோ, அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு.

தீவில் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 15,500 பேர். கப்பல் பயணிகள் நாளுக்கு 8,000 பேருக்கு மேல் வரக்கூடாது என்று 2025இல் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பே இப்படி என்றால் கூட்டத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எந்த நாளில் எத்தனை கப்பல் என்கிற அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. கப்பல் அதிகம் வரும் நாளில் ஃபிரா, இயா பக்கமே போகாமல் தெற்கே போய்விடுவது புத்திசாலித்தனம்.

எரிமலைப் படகுப் பயணம்

கால்டெராவின் நடுவில் இருக்கும் நேயா கமேனி என்ற கருந்தீவுதான் இன்றைய எரிமலை. கடைசியாக 1950இல் வெடித்தது. படகு இறக்கிவிட்டதும் சரளைப் பாதையில் ஏறிப் போக வேண்டும். ஒரு மரம், ஒரு நிழல் கிடையாது. நண்பகலில் கறுப்புக் கல் அடுப்பாகக் கொதிக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தீவான பலேயா கமேனியின் வெந்நீர் ஊற்றைப் பற்றித்தான் அதிக ஏமாற்றம். விளம்பரத்தைப் பார்த்துக் குற்றாலத்து அருவிபோல நின்று குளிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். படகு கரைக்கு வராது. சற்றுத் தள்ளி ஆழமான, குளிர்ந்த கடலில் நிற்கும். அங்கே குதித்து, நீந்தித்தான் ஊற்று இருக்கும் சிறு வளைகுடாவுக்குப் போக வேண்டும். நீர் செம்பழுப்பாக மாறுகிற இடத்தில் உடம்புக்கு ஓர் இளஞ்சூடு தட்டும், அவ்வளவுதான். நீச்சல் தெரியாதவர்கள் படகிலேயே இருந்துவிடுவது நல்லது. அந்த நீரில் இரும்பும் கந்தகமும் உண்டு; வெளிர் நிற நீச்சல் உடையில் ஏறிய கறை துவைத்தாலும் போகாது, வெள்ளி நகையும் கறுத்துவிடும்.

கடற்கரைகள்

பெரிசா, பெரிவோலோஸ் கடற்கரைகளில் மணல் கறுப்பு. மதியம் வெறுங்காலோடு பத்து அடி வைக்க முடியாது. நீரின் விளிம்பில் பல இடங்களில் வழவழப்பான பாறைத் தட்டு இருக்கிறது. ஓடிப் போய் இறங்கினால் சறுக்கி விழுவது நிச்சயம். சிவப்புக் கடற்கரையை மேலேயிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பின்னால் நிற்கிற எரிமலைப் பாறை அடிக்கடி சரியும். எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததல்ல.

அக்ரோதிரியை விட்டுவிடுவது

என்னைக் கேட்டால் இதுதான் ஆகப் பெரிய தவறு. "இடிந்த சுவர்தானே" என்று நம் ஆட்களில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதே பெருவெடிப்பின் சாம்பலில் அப்படியே புதைந்துபோன ஒரு நகரம் அது. 1967இல் ஸ்பிரிடான் மரினாடோஸ் அகழத் தொடங்கினார். இரண்டு மூன்று மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் கால்வாய், வரிசையாக நிற்கிற பெரிய தாழிகள். ஒரு மனித உடல்கூட இதுவரை கிடைக்கவில்லை. முன்பே வந்த நிலநடுக்கங்களைக் கண்டு மக்கள் ஊரைக் காலி செய்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. முழு இடத்துக்கும் கூரை போட்டிருக்கிறார்கள், அதனால் வெயில் உச்சியில் போவதற்கு இதைவிட நல்ல இடம் தீவில் இல்லை. சுவரோவியங்களைத் தேடி அங்கேயே அலையாதீர்கள். நீலக் குரங்குகள் ஃபிராவின் வரலாற்றுக்கு முந்தைய திரா அருங்காட்சியகத்தில். குத்துச்சண்டைச் சிறுவர்கள் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். எந்த நாளில், எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டி, காற்று, தண்ணீர்

பேருந்து மலிவு, ஆனால் எல்லா வழித்தடமும் ஃபிராவைச் சுற்றித்தான். இயாவிலிருந்து விமான நிலையம் போக ஃபிராவில் மாற வேண்டும். டாக்சி குறைவு, அதிகாலை விமானம் என்றால் முந்தின நாளே ஹோட்டலில் சொல்லி வையுங்கள். நான்கு சக்கர பைக் வாடகைக்கு எடுக்கிறவர்கள் கவனிக்க: அதற்குக் கார் லைசென்ஸ் வேண்டும், இந்திய லைசென்ஸ் என்றால் கூடவே இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேண்டும். அதைப் புறப்படுவதற்கு முன் ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். வளைவுச் சாலையில், எதிரே பேருந்து வரும்போது அந்த பைக் அவ்வளவு வேடிக்கையாக இருக்காது. குடும்பத்தோடு போனால் சின்ன கார் மேல்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பாட்டில்தான். கழிப்பறைத் தாளைக் கழிப்பறைக் கோப்பைக்குள் போட்டால் குழாய் அடைக்கும். பக்கத்தில் கூடை இருக்கும். சைவர்களுக்குப் பெரிய கவலை தேவையில்லை: ஃபாவா என்ற பருப்பு மசியல், தக்காளி வடை மாதிரியான தொமாதோகெஃப்தேடெஸ், வெள்ளைக் கத்தரிக்காய் மூன்றும் தீவின் சொந்த உணவுகள். ரொட்டியோடு ஒரு வேளை தாராளமாக ஓடும்.

மாதத்தைப் பொறுத்தவரை மே கடைசி, ஜூன் தொடக்கம், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி நல்லது. நவம்பருக்குப் பிறகு பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று அடிக்கும். காற்று மிஞ்சினால் அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள், யாரிடம் கெஞ்சியும் பயனில்லை. காலையில் தீவிலிருந்து படகு, மாலையில் ஏதென்ஸிலிருந்து ஊருக்கு விமானம் என்று திட்டம் போடுவது சூதாட்டம். கடைசி இரவு ஏதென்ஸில் இருக்கட்டும். பயணக் காப்பீட்டில் தாமதத்துக்கும் ரத்துக்கும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரேக்கத்துக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் கேட்கிற 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது, தவறவிட்ட விமானத்துக்கு அது பணம் தராது.

2025 ஜனவரி, பிப்ரவரியில் தொடர் நிலநடுக்கம் வந்து ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறினார்கள். அதற்காகப் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. ஆனால் அது உயிருள்ள எரிமலை. கிளம்புகிற வாரத்தில் கிரேக்க அரசின் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். நேயா கமேனிக்கோ ஏதாவது ஒரு கடற்கரைக்கோ போகத் தடை என்று போட்டிருந்தால், படகுக்காரர் என்ன சொன்னாலும் அன்றைக்கு வேறு இடம் பாருங்கள்.