மேசையில் ஒட்டிவைக்கிற பாட்டு: கியூஆர் கோட் செய்யும் முறை

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட, என் பெரியம்மாவின் மகன் ஒரு சின்னக் கூல்பார் நடத்துகிறார். பின்னேரங்களில் அங்கே பழைய சீடி ஒன்றிலிருந்து அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரமோ யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலோ மெல்லிய சத்தத்தில் போய்க்கொண்டிருக்கும். பலூடா குடிக்க வரும் பிள்ளைகள் "அண்ணை, இது ஆர் வாசிக்கிறது?" என்று கேட்பார்கள், இவர் ஐஸ்கிரீம் அள்ளின கையோடு போனை எடுத்துத் தேடிக் காட்டுவார். ஒருநாள் களைத்துப்போய், "தம்பி, இதுக்கு ஏதும் வழி செய்து தா" என்றார். மேசைக்கு ஒரு கியூஆர் கோட் ஒட்டிவிட்டோம், போன் கமராவில் ஸ்கான் அடித்தால் பாட்டுப் பட்டியல் திறக்கும். ஒரு மணித்தியால வேலை, ஆனால் நான் இரண்டு இடத்தில் சறுக்கி மூன்று நாள் இழுத்தேன், அந்தச் சறுக்கல்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பாட்டுப் பட்டியல். யூரியூப்பில் ஒரு பிளேலிஸ்ட் உருவாக்கி, பிடித்தவற்றைச் சேருங்கள். ஸ்பொட்டிஃபையிலும் செய்யலாம், ஆனால் எல்லாருடைய போனிலும் அந்த ஆப் இருக்காது, யூரியூப் இல்லாத போனை நான் கண்டதில்லை. ஸ்பொட்டிஃபை தரும் கோடு கோடான படம் ஒன்று இருக்கிறதே, அதைக் கியூஆர் என்று நினைத்து அச்சடித்துவிடாதீர்கள். அது ஸ்பொட்டிஃபை ஆப்புக்குள் இருக்கும் கமராவுக்கு மட்டுமே பிடிபடும். 20, 25 உருப்படி போதும். அதற்கு மேல் போட்டால் யாரும் கீழே இறங்கிப் பார்ப்பதில்லை.

இங்கேதான் என் முதல் சறுக்கல். பட்டியல் பிரைவேட் ஆக இருந்தது. என் போனில் அடித்துப் பார்த்தபோது அழகாகத் திறந்தது, ஏனென்றால் அது என்னுடைய கணக்கு. கடைக்கு வந்த பிள்ளைக்குத் திறக்கவில்லை. ஆகவே பட்டியலின் அமைப்புக்குள் போய் பப்ளிக் அல்லது அன்லிஸ்டட் என்று மாற்றுங்கள். அன்லிஸ்டட் என்றால் தேடலில் வராது, லிங்க் கையில் உள்ளவருக்குத் திறக்கும். கடைக்கு அது போதும். மாற்றிய பிறகு உங்கள் போனில் சோதிக்க வேண்டாம், வீட்டில் வேறொருவரின் போனை வாங்கிப் பாருங்கள்.

அடுத்தது லிங்க். ஷேர் பட்டனை அழுத்திக் கொப்பி செய்தால், கடைசியில் &si= என்று தொடங்கி ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வாலை வெட்டிவிடுங்கள், பட்டியல் அப்போதும் திறக்கும். ஏன் வெட்டவேண்டும் என்றால், லிங்க் நீள நீளக் கோட்டில் கட்டங்கள் பெருகும், கட்டங்கள் பெருகினால் ஒவ்வொன்றும் சின்னதாகி மங்கலான கமராவுக்குப் பிடிபடாமல் போகும்.

இப்போது கோட். அன்ட்ரொயிட் போனில் குரோமில் அந்த லிங்க்கைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளி, பிறகு ஷேர், அதற்குள் கியூஆர் கோட். நடுவில் குட்டி டைனோசரோடு ஒரு படம் வரும், அதைச் சேமித்தால் சரி. டைனோசர் பிடிக்காதவர்கள் கியூஆர் செய்துதரும் தளங்களுக்குப் போகலாம், ஆனால் அங்கே கவனம். சில தளங்கள் டைனமிக் கோட் என்று ஒன்றைத் தள்ளிவிடும்: அது முதலில் அந்தத் தளத்துக்குப் போய், அங்கிருந்துதான் உங்கள் பட்டியலுக்கு வரும். இலவச நாட்கள் முடிந்ததும் காசு கேட்பார்கள், கட்டாவிட்டால் மேசையில் ஒட்டினது வெறும் கறுப்புக் கட்டம். ஸ்டாட்டிக் கோட்டில் லிங்க்கே படத்துக்குள் இருக்கிறது, காலாவதியாவதில்லை. பிறகு பாட்டு மாற்ற வேண்டுமே என்று பயப்படவும் வேண்டாம். பட்டியலுக்குள் எதைச் சேர்த்தாலும் எடுத்தாலும் அதன் லிங்க் மாறாது.

பிழைதிருத்த அளவு என்று ஒன்றைத் தளம் கேட்கும்: எல், எம், கியூ, எச். இந்தக் கோட்டை 1994 இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது கார் உதிரிப்பாகங்களைப் பின்தொடர. தொழிற்சாலையில் எண்ணெயும் அழுக்கும் பட்டாலும் வாசிக்கவேண்டும் என்று, கொஞ்சம் அழிந்தாலும் மீட்டெடுக்கும் விதமாகச் செய்தார்கள். எல் 7%, எம் 15%, கியூ 25%, எச் 30% வரை தாங்கும். அப்படியானால் எச் தானே நல்லது என்று நானும் நினைத்தேன். வால் வெட்டிய யூரியூப் லிங்க்குக்கு எம் என்றால் வரிசைக்கு 37 கட்டம், எச் என்றால் 49. பிளேன்ரீ சிந்துகிற மேசைக்கு எம் போதும். நடுவில் கடைச் சின்னம் வைக்க ஆசை என்றால் மட்டும் எச்.

அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: நிற்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. மேசையில் 30 சென்ரிமீற்றரில் இருந்து அடிப்பார்கள் என்றால் 3 சென்ரிமீற்றர், சுவரில் ஒன்றரை மீற்றருக்கு 15. நான் மேசைக்கும் 5 வைத்தேன், பழைய போன்காரரையும் நினைக்கவேண்டுமே. சுற்றிவர நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடுங்கள். கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டால் வடிவுதான், ஆனால் சில போன்கள் வாசிக்காது.

இரண்டாவது சறுக்கல் லமினேற்றில். போட்டோக்கொப்பிக் கடையில் பளபளவென்று போட்டுத் தந்தார்கள், கொண்டுவந்து ஒட்டினால் மேலே உள்ள ரியூப் லைற் அப்படியே கோட்டுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாக விழுகிறது. போனைச் சரித்துச் சரித்துப் பிடித்த ஒரு பிள்ளை கடைசியில் விட்டுவிட்டுப் பலூடாவைக் குடித்தது. மினுக்கம் இல்லாத மற் லமினேற் கேளுங்கள். அல்லது மடித்து நிற்கும் அட்டையாகச் செய்யுங்கள்.

இன்னொன்று, கோட்டுக்கு மேல் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். இப்போது கடைக்குக் கடை லங்கா கியூஆர் இருப்பதால், கோட்டைக் கண்டாலே சனம் காசு கட்டுகிற இடம் என்றுதான் நினைக்கிறது. ஒருவர் வங்கி ஆப்பைத் திறந்து அடித்துவிட்டு "அண்ணை, வேலை செய்யுதில்லை" என்றார். "இப்ப கேட்கிற பாட்டு வேணுமா?" என்று பெரிய எழுத்தில் எழுதி, காசுக் கோட்டைக் கல்லாவோடு மட்டும் வைத்தபிறகு அந்தக் கதை ஓய்ந்தது.

(கடையில் சத்தமாகப் போடுவது வேறு விஷயம். ஸ்பொட்டிஃபையின் தனிநபர் கணக்கைக் கடையில் ஒலிக்கவிட அதன் விதிகள் இடம் தருவதில்லை. நான் சொல்வது வந்தவர் தன் போனில், தன் இயர்போனில் கேட்பதற்கு.)

கிழமைக்கு ஒருதரம் ஒவ்வொரு கோட்டையும் அடித்துப் பாருங்கள், நகத்தால் ஓரத்தைக் கிளப்பியும் பாருங்கள், மேலே வேறு யாரும் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கலாம். எங்கள் யன்னலோர மேசையில் இருந்தது மட்டும் வெயிலில் வெளிறிப்போனது, அது வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தது. லேசரில் அடித்த மற்ற ஐந்தும் தேத்தண்ணிக் கறையோடு இன்னும் வேலை செய்கின்றன.